லிங்கசாமி குறைத்த ஆட்கள்

அடியைக்கூடப் பேரம் பேசி வாங்குகிறவர் லிங்கசாமி. கூடலூரில் மளிகைக்கடை. எதிரே அவருடைய பழைய கட்டடத்தில் பள்ளிக்கூடத்தின் மலையாள வகுப்பு வாடகைக்கு நடந்தது. அதைக் காலி செய்து தேயிலைத்தூள் குடோன் ஆக்க வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். சட்டம் விடவில்லை. மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் போதிய அளவு வந்துகொண்டிருக்கும்வரை வகுப்பை மூடக் கூடாதாம். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். அன்றைக்கு அறை காலியாகக் கிடந்தால் போதும், கட்டடம் கைக்கு வந்துவிடும்.

எஸ்டேட்டில் யானை விரட்டும் சுடலையைக் கூப்பிட்டார்.

"நாலு ஆளு வேணுமுங்க மொதலாளி. ரோட்டுல ரெண்டு, கிளாஸ் வாசல்ல ரெண்டு."

"ஏப்பா, பொடுசுகளைத் தொரத்த நாலு ஆளா? பொண்ணு பாக்கவா போற? ரெண்டு போதும்."

செவ்வாய் காலை ஜீப்பிலிருந்து பிள்ளைகள் இறங்கியதுமே ரோட்டில் சுடலையின் கூட்டாளி பட்டாசைக் கொளுத்தி வீசினான். சுடலை தடியால் ஜீப் கண்ணாடியை நொறுக்கினான். மகளைக் கொண்டுவந்து விட்ட பேக்கரி சில்வஸ்டர் குறுக்கே பாய்ந்தார். தடி அவர் மண்டையில் இறங்கியது. புருவம் பிளந்து ரத்தம் சட்டையில் கொட்டியது.

பிள்ளைகள் அலறி ஓடின. பின்னால் ரோடும் வெடியும் ரத்தமும். முன்னால் ஆளில்லாத ஒரே ஒரு வாசல். மொத்தக் கூட்டமும் வகுப்புக்குள் புகுந்தது. தினமும் வயிற்றுவலி சொல்லி மட்டம் போடுகிறவன்கூட முதல் பெஞ்சுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டான்.

கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த லிங்கசாமி இரும்பு எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலை மறித்து நின்றாள் டீச்சர் ஈவ்லின்.

"வெளிய தொரத்துடீ அதுகளை! இது என்ற கட்டடம்!"

"கட்டடம் உங்களோடது சாரே. குட்டிகள் எங்களோடது."

அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தும் அவள் நிலைப்படியை விடவில்லை. எடைக்கல்லை ஓங்கினார். பின்னால் வந்த சில்வஸ்டர், சுடலையிடம் பிடுங்கிய தடியை அந்த மணிக்கட்டில் போட்டார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். கல் லிங்கசாமியின் காலிலேயே விழுந்தது.

போலீசோடு வந்து இறங்கிய அதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட இன்னிக்கு லீவு இல்லியா டீச்சர்?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு லிங்கசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விலங்கு மாட்டிய சுடலை.

"நான் அன்னைக்கே நாலு ஆளு கேட்டேனுங்களே, மொதலாளி."