பதினாலு வருஷம், பதினெட்டாயிரம் கிலோமீட்டர்

ஷூ ரிப்பேர்க்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. "இப்பதான் வாங்கினேன், அதுக்குள்ள பிஞ்சு போச்சு" என்று வருபவர்களின் அடித்தோலைத் திருப்பிப் பார்த்துப் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வேன் ஒன்று வாங்கக் கிளம்பியதிலிருந்து அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. எட்டு மாதத்தில் பத்து வண்டி பார்த்து, பத்தையும் தட்டிக்கழித்தாயிற்று. இது பதினோராவது.

மனைவிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பார்வை இரண்டு வருடம் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அவளுக்குக் கடலையும் மலையையும் காட்டிவிட வேண்டும். கடையை விற்று வந்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான் காணும். அது நடுவழியில் படுத்துக்கொண்டால் எல்லாம் போச்சு.

"பதினாலு வருஷ வண்டி சார். பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு," என்றாள் விற்க வந்த அம்மாள். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

பதினெட்டாயிரமா! யார் காதில் பூச்சுற்றுகிறாள்? மீட்டரைத் திருப்பிவிட்டிருக்கிறாள் என்று அவர் உள்ளுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். ஏறும் படியில் பெயின்ட் போய் நடுவில் தகரம் பளபளத்தது. உட்காரும் மெத்தையில் இரண்டு குழி. சும்மா நின்ற வண்டிக்கு இத்தனை தேய்மானம் எங்கிருந்து வரும்?

"படி இப்படித் தேஞ்சிருக்கு. மீட்டர் மட்டும் ஓடவே இல்லையாக்கும்?"

நர்ஸம்மாவின் முகம் சுருங்கியது. "சந்தேகமா இருந்தா விட்டுடுங்க சார்."

அவரா விடுவார்? ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, கிளட்ச் மிதியின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். வரிகள் கொஞ்சமும் தேயவில்லை. புதிதாக மாற்றியிருக்கிறாள், வசமாக மாட்டிக்கொண்டாள் என்று நகத்தால் கீறிப் பார்த்தார். கல்லாக இறுகிப்போயிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நோய் அவருக்குத் தெரிந்ததுதான். நல்ல நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியிலேயே வைத்திருந்த ஷூ, ஒரு நாள்கூட நடக்காமல் அடி உதிர்ந்து இப்படித்தான் கடைக்கு வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே கிழடாகியிருந்தது.

இறங்கி டயர்களைப் பார்த்தார். தேய்மானம் அதிகமில்லை. ஆனால் பக்கவாட்டில் சுற்றிலும் வெடிப்பு.

"நாலு டயரும் மாத்தணும். ஏம்மா, இத்தனை வருஷமா ஓட்டவே இல்லையா?"

"வாங்கின புதுசுல ஓட்டினதோட சரி சார். எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் சரியா இருக்கணும். பேட்டரி மாத்திட்டுப் போலாம், மழை விடட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்னே சொல்லிட்டிருந்தார். சாயங்காலமானா ரெண்டு பேரும் இதுல ஏறி உக்காந்து டீ குடிப்போம். போன வருஷம் அவரே போயிட்டார்."

அவருக்கு அந்த அம்மாளைப் பொய்க்காரி என்று நினைத்தது வெட்கமாக இருந்தது.

இதற்குள், கூட வந்திருந்த மனைவி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முதல் வண்டி பார்க்கப் போனபோது அவருக்கு முந்தி மீட்டரைப் படித்துச் சொன்னவள் அவள்தான். இப்போது மூக்கு முட்டுமளவு குனிந்திருந்தாள்.

"என்னங்க, இதுல எவ்வளவு காட்டுது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. நர்ஸம்மாவிடம் திரும்பினார்.

"பக்கத்துல டயர் கடை எங்கம்மா இருக்கு?"