குடைக்கு விழுந்த ஒரு சீட்டு

ஓட்டு எண்ணும்போது பள்ளிக்கூடக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் நாற்காலியில், பஞ்சாயத்துத் தேர்தல் நடத்த வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்த வாத்தியார் முக்தார் அகமது. அவருக்கு வலப்புறம் பெஞ்சில், ஏணிச் சின்னத்தில் நின்ற ஊர் மூப்பன் சின்னராசு. எதிரே தரையில், குடைச் சின்னத்தில் நின்ற சடையன். வாசற்படியில் தபால் சுமக்கும் ரங்கன். தண்ணீர்ப் பானையோரம் மூப்பனின் தம்பி பெண்டாட்டி பச்சையம்மா. புருஷன் போன பிறகு அவளுக்கு மூப்பன் வீட்டில்தான் சோறு. அவர் விட்டுவைத்த சாமைக் கொல்லையில்தான் பிழைப்பு.

"ஏணி அறுபத்திரண்டு. குடை ஒன்று" என்றார் வாத்தியார்.

பச்சையம்மா பானை மூடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அந்த ஒன்று அவளுடையது. மாசியில் ஜன்னி கண்டு கிடந்தவளை டோலி கட்டி மலையிறக்கியவன் சடையன். சந்தையில் பார்த்த இருபது பேரும் குடைக்குத்தான் என்று காதோடு சொன்னார்கள். அந்த இருபது சீட்டுக்குள் தன்னுடையதும் கலந்துவிடும் என்று நம்பிக் குத்திவிட்டாள். அத்தனை பேரும் கடைசி நேரத்தில் பயந்துவிட்டார்கள்.

ஜெயித்த மூப்பன் சிரிக்கவில்லை. "யார்ரா அது?"

"நான்தாங்க. எனக்கு நானே போட்டுக்கினேன்" என்றான் சடையன்.

"உன் ஓட்டு கீழூரு வார்டுல கீது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா." மூப்பன் வாத்தியார் பக்கம் திரும்பினார். "சாயபு வாத்தியாரே, சீட்டுக்குப் பின்னால நெம்பரு கீது. கிழிச்ச அடிக்கட்டையில அதே நெம்பரு, கைநாட்டோட. சேத்துப் பாருங்க. ஒரு நிமிட்டு வேலை."

"பார்க்கக் கூடாதுங்க."

"பொழுதோட மலையெறங்கி வூடு போய்ச் சேர வேணாமா?"

 வாத்தியார் சீட்டுகளையும் அடிக்கட்டைகளையும் பெரிய உறையில் வைத்து ஒட்டி, திருப்பத்தூர் தேர்தல் ஆபீஸ் விலாசம் எழுதினார். மூப்பனின் கை மெல்ல வந்து உறைமேல் உட்கார்ந்தது.

"அரக்கு உருக்கணும். கொஞ்சம் நெருப்பு கொண்டாம்மா" என்றார் வாத்தியார், பச்சையம்மாவைப் பார்த்து.

தாமதித்தால் மூப்பன் உறையைப் பிரித்துவிடுவார். ஓடினால், இன்னாத்துக்கு ஓடினே என்பார். கொட்டகை கண்ணுக்கு மறையும்வரை நடந்தாள்; பிறகு ஓடினாள். வீட்டில் சிம்னி விளக்கை ஏற்றி, முந்தானையால் மறைத்துக்கொண்டு திரும்பினாள். உறை பிரியவில்லை. மூப்பனின் கை இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

"கையெடுங்க மாமா. அரக்கு சொட்டினா பொத்துப்பூடும்."

மூப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கையை எடுத்தார்.

"வெளக்கு இன்னாத்துக்கு இப்படி ஆடுது?"

"காத்துங்க மாமா."

கொட்டகைக்குள் காற்றே இல்லை. அரக்கு நாலு சொட்டு விழுந்தது. வாத்தியார் முத்திரையை வைத்து அழுத்தினார். ரங்கன் உறையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினான். "வழித்துணைக்கு நானும் போய்ட்டு வர்றேன்" என்று சடையன் தடியோடு எழுந்தான். இருவரும் சரிவில் இறங்கினார்கள். மூப்பன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. பச்சையம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.