துளை போடாத கைப்பிடி

மூன்றாவது நாளாக வண்டி வாயைத் திறந்தபடி நின்றது. அதைச் செய்து விற்ற நிறுவனத்தின் பழுதுபார்க்கும் கூடத்தில், ஏழு என்று எழுதிய கட்டத்துக்குள், முன்மூடி தூக்கப்பட்ட அந்தச் சிறிய சரக்கு வண்டியை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்னின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர்களுக்கென்று முன்கூடத்தில் மெத்தை நாற்காலிகள் இருந்தன. குளிர்ந்த காற்று இருந்தது. அவன் அங்கே போகவில்லை. ஊன்றுகோலை வண்டியின் சக்கரத்தில் சாய்த்துவிட்டு, கழற்றி வைக்கப்பட்ட தண்ணீர்ப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரக்கு இறக்கும் வேலையில் இரும்புச் சுருள் ஒன்று உருண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு வருடம் அக்காவின் வெல்டிங் பட்டறையில் நாற்காலி ஒன்றே அவனுக்கு உத்தியோகம். எட்டு மாதத்துக்கு முன் இந்தப் புது வண்டி வந்தது. ஒன்பது தொழிற்கூடங்களுக்கு அவன்தான் குடிநீர்க் கேன் கொண்டுபோகிறான். ஒரு நாளும் தாமதம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக நேற்று சொல்லிவிட்டார்கள்.

மேலாளர் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆய்வாளர் வர்றார். பம்புல பேரிங் போயிருக்கு, தண்ணி கசிஞ்சு இன்ஜின் சூடாயிருக்கு. எங்க பொருள்தான் கெட்டிருக்கு, எனக்கே தெரியுது. ஆனா உள்ளே ஒரு கைப்பிடி மாட்டியிருக்கீங்களே, அதைப் பார்த்தார்னா வாரண்டி இல்லைன்னுடுவார்."

"அதுக்கும் பம்புக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சம்பந்தம் யாரு கேக்கறா? வெளியாள் செஞ்ச மாற்றம் உண்டா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இன்னிக்கே கழட்டிட்டுப் போங்க. அவர் போனப்புறம் மாட்டிக்கங்க. நான் எதையும் பார்க்கலே."

தம்பி அக்காவுக்குப் போன் செய்தான். ஒரு மணி நேரத்தில் அவள் ஸ்பேனர் பையோடு வந்தாள். முன்கையில் தீப்பொறி சுட்ட பழைய புள்ளிகள், கழுத்தில் இறக்கிவிட்ட கறுப்புக் கண்ணாடி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

கியர்க் கம்பியின் தலையோடு ஒட்டி நின்றது அந்தக் கைப்பிடி. விரல்களால் அழுத்தினால் கம்பி வழியாக, நெம்புகோல் வழியாக, கிளட்ச் பெடல் இறங்கும்; அதே உள்ளங்கை கியரையும் தள்ளும். கால் செய்ய வேண்டியதைக் கை செய்தது. பிறர் வண்டியில் துளை போடுவதில்லை என்பது அவள் தொழிலில் அவளே வைத்துக்கொண்ட சட்டம். ஆகவே எல்லாவற்றையும் கவ்விகளால் பிடித்திருந்தாள். துளை ஒன்று இல்லை. கீறல் ஒன்று இல்லை. கவ்விக்கு அடியில்கூட ரப்பர் வைத்து, நிறுவனத்தின் பெயிண்டை நிறுவனத்துக்கே காப்பாற்றிக் கொடுத்திருந்தாள்.

"என்னக்கா யோசிக்கறே? உனக்கு அரை மணி நேர வேலை."

"மாட்டறப்ப நான் ஒளிஞ்சு மாட்டலே. பட்டப்பகல்ல, தெருவே பார்க்க மாட்டினேன்."

"வீறாப்பு பேசற நேரமா இது? வெள்ளிக்கிழமை போச்சுன்னா மறுபடியும் உன் பட்டறை நாற்காலிதான்."

"சரி, கழட்டிடறேன். நாளைக்கு அந்த ஆளு, ‘எட்டு மாசமா எப்படிப்பா ஓட்டினே’ன்னு கேட்டா என்ன சொல்லுவே? காலு நேத்துத்தான் போச்சு சார்னு சொல்லுவியா?"

தம்பி சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியபின் நெடுநேரம் அந்தக் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு அவனே ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டான்.

"இருக்கட்டும்க்கா. பார்க்கட்டும்."

மறுநாள் காலை ஆய்வாளர் டார்ச் விளக்கோடு வந்தார். பம்பைச் சுழற்றினார், உள்ளே மணல் அரைபடுவது போலச் சத்தம் வந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

மேலாளர், நிறுவனம் ஒப்புக்கொண்ட ஏதாவது கடையின் பெயரைச் சொல்லும்படி கண்ணால் கெஞ்சினார். அக்கா அந்தக் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கடையில கிடைக்காது சார். நான் செஞ்சது."

ஆய்வாளர் குனிந்து துளைகளைத் தேடினார். பெடலின் பின்பக்கம் தேடினார். தரைத்தகட்டின் அடியில் தேடினார். கிடைக்கவில்லை. அக்கா வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள்.

"‘மாற்றத்தினால் உண்டாகும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ன்னு போட்டிருக்கீங்க. ஒத்துக்கறேன். இந்தக் கைப்பிடியால அந்தப் பம்பு எப்படிக் கெட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க. வாயைத் திறக்காம போயிடறோம்."

"பம்பு தானாத்தான் கெட்டிருக்கும்மா. அதுல சந்தேகமில்லே."

"அப்ப அதையே எழுதுங்க."

"எழுதலாம். ஆனா மாற்றம் உண்டுன்னு போட்டதுமே கம்ப்யூட்டர் நிறுத்திடும். மேல போகாது."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டு காலும் நல்லாயிருக்கு போல," என்றான் தம்பி.

மேலாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. படிவத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். காரணம் என்ற கட்டத்தின்மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் அடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பம்பு நானே மாத்திக்கறேன்," என்றாள் அக்கா. "பட்டறையில ரெண்டு வெல்டிங் மெஷின் இருக்கு. ஒண்ணை வித்துடறேன், எனக்கு ஒண்ணு போதும்."

"அக்கா…"

"எனக்கு இருக்கறது ரெண்டு கைதான்டா. ஒரு நேரத்துல ஒரு மெஷின்தானே பிடிக்க முடியும். வெள்ளிக்கிழமை காலையில முதல் கேன் நீதான் இறக்கறே. வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு கேளு."

தம்பி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். மேலாளரே ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்து, தன் வெள்ளைச் சட்டையோடு குனிந்து வண்டியின் கொக்கியில் மாட்டினார்.

ஆய்வாளர் இன்னும் போகவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இடது காலைப் பெடலிலிருந்து விலக்கி மடித்துக்கொண்டு, கைப்பிடியை அழுத்தினார். பெடல் சத்தமில்லாமல் இறங்கியது. கியரை ஒன்றில் போட்டார், இரண்டில் போட்டார், திரும்ப ஒன்றுக்கு வந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து எஃகு அளவுகோலையும் குறிப்பேட்டையும் எடுத்தார். நிராகரித்த படிவத்தைக் குறிப்பேட்டுக்கு அடியில் மடிமேல் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பக்கவாட்டில் வரைந்தார், மேலிருந்து வரைந்தார், ஒவ்வொரு கவ்விக்கும் அம்புக்குறி போட்டு அளவு எழுதினார்.

"அடுத்த மாடலுக்கு இந்த மாதிரி ஒண்ணு ஆபீஸ்ல ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்காங்க," என்றார், யாரையும் பார்க்காமல்.

அக்கா ஜன்னல் வழியாகக் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுளித்தது.

"நெம்புகோல் கம்பி எட்டு மில்லின்னு எழுதியிருக்கீங்க. எட்டு இல்ல சார், பத்து. எட்டு போட்டா ஒரே மாசத்துல வளைஞ்சுடும். போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

ஆய்வாளர் எட்டை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் பத்து என்று தெளிவாக எழுதினார். அந்தப் பக்கத்தில் அதற்குமேல் எழுத இடமில்லை. அடியில் துருத்திக்கொண்டிருந்த படிவத்தில், காரணம் என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது.