றெஜியின் பத்தியம்

கடலோரக் குருநகரில் பிறந்து வளர்ந்த ஒருவன் நண்டுக்கறியை வேண்டாம் என்றால், அவனுக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனதில் ஏதோ கள்ளம் இருக்க வேண்டும். ஜெசிதா தன் கணவன் றெஜியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

காரைநகர்க் கடற்கரையில் சவுக்கு மரங்களின் கீழே பாய் விரித்துக் குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. றெஜி மட்டும் அவித்த கௌபிப் பயற்றுப் பெட்டியை மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் அவனுடைய அக்கா கத்தரீனா வீங்கிய கால்களை நீட்டியபடி, உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுது. மருத்துவர் சொன்ன பத்தியம். இவனுக்கு என்ன வந்தது?

"ஒரு நண்டுக்காலாவது எடுங்கோவன்."

"வேண்டாமப்பா. வண்டி குறையட்டும்," என்று வயிற்றைத் தடவினான்.

இரண்டு மாதமாக இதே கூத்துத்தான். விடியாத வெள்ளாப்பில் ஓட்டம், அரைக் கோப்பைச் சோறு, சீனி போடாத தேத்தண்ணி. கலியாணம் முடித்து இத்தனை வருஷமாக இல்லாத அக்கறை இப்போது யாருக்காக?

திரும்பும்போது நல்லூரில் ஐஸ்கிறீம் குடிக்க, வந்த வானை நிறுத்தினார்கள். றெஜியின் கைபேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் இறங்கி மதில் ஓரமாகப் போனான். ஜெசிதா சத்தமில்லாமல் பின்னால் போனாள்.

"ஓம் மிஸ், இன்னும் கொஞ்சம்தான் இறக்கோணும். இல்லை மிஸ், மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை."

மனிசி என்றால் அவள்தான். "ஆரந்த மிஸ்?"

றெஜி திடுக்கிட்டுத் திரும்பினான். "கத்தாதை. அக்காவுக்குக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும்! எல்லாருக்கும் கேக்கட்டும்!"

"ஜெசி, அது கிளினிக்கிலை இருக்கிற நேர்ஸ் மிஸ். அக்காவுக்கு என்ரை கிட்னி பொருந்துதாம். நிறை குறைஞ்சால்தான் எடுப்பினம். குறையாட்டில் அக்கா ஏமாந்துபோவா, அதுதான் அவவுக்கும் சொல்லேல்லை."

வேறொருத்தி இல்லை என்ற ஆறுதல் ஒரு மூச்சளவுதான் நின்றது.

"எங்களுக்கு ரெண்டு பிள்ளையள். என்னட்டை ஒருக்காக் கேக்கத் தோணேல்லையோ?"

"கேட்டால் வேண்டாமெண்டிருப்பாய்."

"ஓம். எண்டிருப்பன்தான்."

வானுக்குள் கத்தரீனா, பிள்ளைகளின் வாயில் வழிந்த ஐஸ்கிறீமை லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெசிதா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அடுத்த முறை கிளினிக்குக்கு நானும் வாறன்," என்றாள். "உங்களுக்கு என்ன ஆகுமெண்டு எனக்கு விளக்கமாச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

றெஜி தலையாட்டினான். அவள் அவனுக்குப் பக்கத்தில் ஏறாமல் பின்சீட்டில் கத்தரீனாவோடு போய் இருந்தாள்.

"என்ன பிள்ளை, கண் சிவந்திருக்கு?"

"ஒண்டுமில்லை மச்சாள். புழுதி."

கத்தரீனா அவளையும் முன்சீட்டில் இருந்த தம்பியின் முதுகையும் மாறிமாறிப் பார்த்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை.