வேலி தாண்டிய மண்புழுக்கள்

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து கருகவிட்டார் மருந்துக்கடைக்காரர். திரும்பி வந்தவள் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பிராயச்சித்தமாகப் பாத்தியைக் கொத்தி, மக்கிய சாணத்தைத் தராசில் நிறுத்துக் கலந்தார். மண்ணைச் சலித்து, சல்லடையில் நெளிந்த மண்புழுக்களைப் பொறுக்கி வேலிக்கு வெளியே விட்டார்.

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஐயோ, அதுகள ஏன் தூக்கிப் போடுறீங்க?"

"மண்ணு சுத்தமா இருக்க வேணாமா?"

"நல்லா இருக்கு உங்க சுத்தம்! மண்ணுக்கு உயிரே அதுங்கதான்."

இறங்கி வந்து, வேலியோரம் குனிந்து புழுக்களை அள்ளினாள். அவர் உள்ளங்கையை நீட்டினார். பத்திரமாக அதில் வைத்தாள்.

"இனிமேலாவது தண்ணி ஊத்துவீங்களா?"

"ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.