கெஸ்மேவுக்கு எந்த எலி

கெஸ்மே சாப்பிட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது.

மூன்றடி நீள மலைப்பாம்பு. வயது ஒன்றரை. கையால் வெட்டிய நூடுல்ஸுக்கு எங்கள் மொழியில் சொல்லும் பெயரையே என் கணவர் தாலாய் அவளுக்கு வைத்தார். வாங்கியபோது சமையலறைத் தராசில் அறுநூற்று நாற்பது கிராம். அன்று காலை ஐந்நூற்று அறுபது. இன்னும் இருபது கிராம் குறைந்தால் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதில் பிழைக்கிற பாம்பும் உண்டு, பிழைக்காததும் உண்டு என்றும் சொன்னார்.

தப்பு என்னுடையது. வந்த புதிதில் வாரம் ஒரு சின்ன எலி சாப்பிட்டாள். பிறகு உறவினர்கள் அவளைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். புது மருமகளையோ குழந்தையையோ முதன்முறை பார்ப்பவர் பார்வைப் பரிசு தர வேண்டும். கெஸ்மேவுக்கும் தந்தார்கள். தலைக்குட்டை, மிட்டாய், ஒரு ஜோடி காலுறை. தந்தவர்கள் எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். அவள் சுருண்டுகொண்டாள். எலியைத் தொடவில்லை.

எலி சின்னதாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குச் சின்னக் கறித்துண்டு வைத்து எங்களுக்குப் பழக்கமில்லை. சந்தையில் இருந்ததிலேயே பெரிய எலியை வாங்கி வைத்தேன். விழுங்கினாள். மூன்றாம் நாள் முழுதாகக் கக்கினாள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

உறைந்த எலிகளை அளவு பார்த்துப் பைகளில் போட்டு விற்கும் லூதா என்னைத் திட்டினாள்.

"அவ உடம்பு எவ்வளவு தடி, அந்த எலி எவ்வளவு தடி? கண்ணு எங்க போச்சு உனக்கு? உடம்பைவிடத் தடியா ஒண்ணும் குடுக்காத. உயிரோட குடுக்காத. கண்ட இடத்துல பிடிச்சது வேண்டவே வேண்டாம்."

மூன்று அளவில் மூன்று எலி தந்தாள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அவை மெல்ல இளகின. மறுநாள் மதியம், வெந்நீரில் சூடாக்க எடுத்து வைத்தேன். அழைப்பு மணி அடித்தது.

கணவரின் அண்ணன். மலையூரான நாரினிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். கணவரின் மூத்தவர்கள் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. பைகே என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கெலின் என்பார், வீட்டுக்கு வந்த மருமகள். கையில் மூடி போட்ட வாளி. உள்ளே எதுவோ சுரண்டியது.

"என்ன கெலின், உன் பொண்ணைப் பார்க்க வெறுங்கையோட வரலாமா?"

மூடியைத் தூக்கினார். சாம்பல் நிற எலி. வாலோடு முழ நீளம்.

"என் பார்லி மூட்டையிலேயே பொறந்து வளர்ந்தவன். சதையைப் பாரு."

"மருந்து ஏதும் வச்சீங்களா பைகே?"

"போன மாசம் வச்சேன். மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இவன் அசையல. அவ்ளோ கெட்டி."

நான் தாலாயைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பார்வைப் பரிசை மறுப்பது கொடுத்தவர் முகத்தில் அடிப்பது. இரண்டு கையாலும் வாளியை வாங்கினேன்.

"அப்புறம் என்ன, போடு. பாக்கலாம்."

"முதல்ல டீ குடிங்க."

குடித்தார். குடித்துக்கொண்டே அடுப்புத் திண்டில் இருந்த பையைப் பார்த்தார்.

"அது என்ன?"

"அவளுக்கு வாங்கின எலி."

"செத்ததா?" டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "முறைப்படி யாரு அறுத்தா?"

"யாரும் அறுக்கல. உறைய வச்சது."

"ஏண்டா தம்பி, உன் வீட்டுல வந்தவளுக்கு இப்படித்தான் சோறு போடறீங்களா?"

"அவ பாம்பு, அண்ணா. கேக்க மாட்டா."

"நீ சும்மா இரு. ஆறு மணி நேரம் இவனை மடியில வைக்காத குறையா கொண்டுவந்திருக்கேன்."

என் காது சூடானது. ஆனாலும் கேட்டேன்.

"பைகே, போன வருஷம் உங்க மாமனார் வீட்டு விருந்துல எண்பது பேருக்குக் கறி பங்கு வச்சது யாரு?"

"நான்தான்."

"வயசும் முறையும் பாத்து யாருக்கு எந்த எலும்புன்னு வச்சதுல ஒரு தப்பு வந்துச்சா?"

"எப்படி வரும்?"

"நேத்து வந்த கெலினுக்கு ஆட்டுத் தலையைத் தூக்கி வச்சிருந்தா?"

"பைத்தியமா உனக்கு? அது பெரியவங்களுக்கு. அவ எழுந்து ஓடியிருப்பா."

"நான் கெஸ்மேவுக்கு அதைத்தான் செஞ்சேன். பெருசா வச்சேன், கக்கிட்டா. ஏழு வாரமாப் பட்டினி. நீங்க கொண்டுவந்தது அதைவிடப் பெருசு. உயிரோட இருக்கு, கடிச்சா இவ கண்ணு போயிடும். மருந்து தின்ன உடம்பு வேற. அவன் தாங்கிட்டான். இவ தாங்க மாட்டா."

அவர் திரும்பி வாளியைப் பார்த்தார்.

"பரிசு எங்களோடதுதான் பைகே. வாங்கிட்டேன். சாப்பாடா மட்டும் வேண்டாம்."

எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனார். தொடவில்லை. குனிந்து பார்த்தார். எண்பது பேரை வரிசையில் அளக்கிற பார்வை. திரும்பி வந்து மூன்று எலிகளில் நடுவில் இருந்ததைக் காட்டினார்.

"இது அவ பங்கு."

"சரிதான். ஆனா இப்ப நோயாளி."

விரல் சின்ன எலிக்கு நகர்ந்தது. "அப்ப இது."

தாலாய் வாளியைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். ஒரு ரொட்டித் துண்டும் போட்டார்.

சின்ன எலியைப் பையோடு வெந்நீரில் வைத்தேன். தொட்டால் உயிருள்ளது போல் சுடும் வரை. இடுக்கியில் எடுத்து வந்தபோது பைகே பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாலாய். கெஸ்மே தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டாள்.

அவர்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"திரை எங்க?" என்றார் பைகே.

"என்ன திரை?"

"புதுப் பொண்ணை இப்படித் திறந்து போட்டு உட்கார வச்சிருக்கீங்க. வர்றவன் போறவன் எல்லாம் மூஞ்சியைப் பாக்கறான். எவ சாப்பிடுவா? உன்னை எங்கம்மா எத்தனை நாள் திரைக்குப் பின்னால வச்சிருந்தாங்க?"

"மூணு நாள்."

"சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்."

"பாதி ஆடு," என்றார் தாலாய்.

பைகே படுக்கை விரிப்பை உருவினார். பெட்டியை நான்கு பக்கமும் மூடினார். ஓரத்தைத் தூக்கி, அவள் ஒளியும் பானையின் வாயருகே எலியை வைத்தேன். விரிப்பை இறக்கினேன். மூவரும் சமையலறைக்கு வந்தோம்.

இருபது நிமிடம். சத்தம் கேட்கும் என்று பைகே டீகூட ஊற்றிக்கொள்ளவில்லை. மூச்சை வாயால் விட்டார்.

தொப்பென்று ஒரு சத்தம்.

அவர் எழுந்தார். நான் கையை உயர்த்தினேன். கணவரின் அண்ணனுக்கு எதிரே அப்படிக் கை உயர்த்தியது அதுவே முதல் தடவை. உட்கார்ந்தார்.

இன்னும் பத்து நிமிடம் கழித்துத் தனியாகப் போய் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினேன். அவள் வாயிலிருந்து வால் மட்டும் தொங்கியது. பிறகு அதுவும் இல்லை. திரும்பி வந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உள்ள போச்சா?" கிசுகிசுத்தார் பைகே.

தலையசைத்தேன்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"ரெண்டு நாள் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது பைகே. பண்ணினா கக்கிடுவா."

அவர் யோசித்தார். பிறகு மேல்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

"அப்ப மூணாம் நாள் காலையில பாத்துட்டுக் கிளம்பறேன்," என்றார்.