முதல் பக்கத்துக்கு ஒரு மாதக் கெடு

2009 ஜூன் மாதம். சிதம்பரம் பக்கம் புதிதாக வந்திருந்த வெள்ளாறு பல்கலைக்கழகத்தில், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள என்னைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். கூகுளில் பெயரைத் தட்டினால் நம் தளம் முதல் பக்கத்தில் வர வேண்டும், சட்டென்று திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் வேலையைச் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் துணைவேந்தர். அவர்கள் வந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அலுவலகக் கணினியில் எல்லாம் ஜோராகத்தான் தெரியும். மாணவர்கள் பார்க்கிற இடத்தில் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிக் கடலூர் போய், அப்துல் ஹக் பாயின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். பெயரைத் தட்டினால் முதலில் வந்தது மங்கலம்பேட்டை டியூஷன் சென்டர் ஒன்று. நாங்கள் மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம். அதுவும் திறக்க மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்குள் பாய் தெருமுனைக்குப் போய் டீயே வாங்கி வந்துவிட்டார்.

ஏன் என்று குடைந்தேன். காரணம் கிடைத்ததும் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிரிவு அலுவலர் சுப்புராயன் ஒவ்வொரு அறிவிப்பையும் தட்டச்சு செய்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் எடுத்துப் படமாகவே ஏற்றச் சொல்லியிருந்தார். தேர்வுத் தேதி, பாடப்பிரிவு, விடுமுறை எல்லாமே படம், அதனால்தான் திறக்க அவ்வளவு நேரம். கூகுளுக்கு அந்தப் படத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாது. அதன் கணக்கில் நாங்கள் வாயே திறக்காதவர்கள்.

இனி எழுத்தாகவே ஏற்றலாம் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"கையெழுத்து இல்லாத காயிதத்த எவம்மா நம்புவான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருமே பாக்காத காயிதத்துல கையெழுத்து இருந்து என்ன சார் பண்றது?"

முறைத்தார். மறுநாள் வந்து, கையெழுத்துப் படம் தனி இணைப்பிலாவது இருக்கட்டும் என்று இறங்கி வந்தார். அது போதும் எனக்கு.

நூற்றுப் பன்னிரண்டு அறிவிப்புகளை நான்கே நாளில் எழுத்தாகத் தட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வைத்தேன், முகப்பில் இருந்த படங்களைச் சுருக்கினேன். அப்புறம் தினமும் தேடிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. பத்தாம் நாள் இரண்டாம் பக்கத்துக்கு ஏறினோம். கெடுவுக்கு முதல் நாள் வரை அங்கேயே நின்றோம்.

கெடு நாளன்று துணைவேந்தர் தானே வந்து பார்க்கவில்லை. என்னோடு கடலூர் போய்ப் பார்த்துவரச் சொல்லிச் சுப்புராயனை அனுப்பினார். போயும் போயும் இவரா என்று நினைத்தேன். பாய் கடையில் அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

முதல் வரியிலேயே நாங்கள். சொடுக்கினார். பதினோரு நொடி. ஹையா என்று கத்தத் தோன்றியது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சுப்புராயன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்லை எடுத்துத் துணைவேந்தரைக் கூப்பிட்டார்.

"ஐயா, மொதல்ல நம்மளுதுதாங்க வருது. சென்னைக்காரங்க வேணாங்க. இத்தன நாளு வராததுக்குக் காரணம் நாந்தான், நாந்தான் எல்லாத்தையும் படமா ஏத்தச் சொன்னேன். இந்த அனுப்பிரியா பொண்ண பர்மனன்ட் பண்ணிடுங்க."

துணைவேந்தருக்கு நான் கொடுத்திருந்த அறிக்கையில், படமாக ஏற்றச் சொன்னவர் என்று அவர் பெயரே கிடையாது. அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. சண்டை போட்ட மனுஷர் முன்னால் அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.